மிஸ்டர் கிரீன் ஒரு தடவைதான் கேட்டார்

சீனர்களைப் பற்றி இந்தப் பத்தியில் நான் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. இந்த வாரம் எழுத வேண்டி வந்துவிட்டது. காரணம் சூரியநெல்லி.

குழம்ப வேண்டாம். சொல்கிறேன்.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம், ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். வாரம் முழுக்கப் பிள்ளைகளைத் திருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்களைத் திருத்தலாம் என்று இதை எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இடுக்கி மலையில், சூரியநெல்லிப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். தமிழ் மீடியம். அங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படித்தால் புரிகிறதா என்று சோதிக்க ஒரு நிபுணர் போகிறார். விடைத்தாள் திருத்த அவருக்குத் துணையாக ஓர் இங்கிலீஷ் வாத்தியார் தேவை. யாரும் போக விரும்பாத இடத்துக்கு யாரை அனுப்புவார்கள்? பத்திரிகையில் எழுதுகிறவனைத்தான்.

நிபுணரின் பெயர் வேண்டாம். நிபுணர் என்றே வைத்துக்கொள்வோம். அவரும் அதைத்தான் விரும்புவார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். இங்கிலீஷை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று பயிற்சி பெற்றாரா என்று கேட்காதீர்கள். கற்றது வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது — அதில்தான் பயிற்சி. கற்றுக்கொடுக்கிற வேலையை என்னைப் போன்றவர்களிடம் விட்டுவிட்டார்கள். அதற்குப் பயிற்சி தேவையில்லை போலிருக்கிறது.

உடுமலைப்பேட்டை தாண்டி மலை ஏறும்போது, ஜீப்பின் முன் ஸீட்டிலிருந்து திரும்பி, மடியில் இருந்த கேள்வித்தாள் கட்டைத் தட்டிக் காட்டினார்.

"இது சாதாரண பேப்பர் இல்ல சார். சைனீஸ் பேசற ஹைஸ்கூல் பசங்களுக்குன்னு தயார் பண்ணினது. அவங்ககிட்ட கொடுத்துப் பார்த்து, டெஸ்ட் பண்ணி, ரொம்ப சயன்டிஃபிக்கா செஞ்ச பேப்பர்."

"ஏனுங்க சார், நம்ம பசங்க தமிழ் பேசறவங்களாச்சுங்களே?" என்றேன்.

"வீட்ல இங்கிலீஷ் பேசாதவங்க எல்லாம் ஒரே கேட்டகரி."

கேட்டகரி! உலகத்தைப் பிரிப்பதற்கு இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஒரு பக்கம். சீனாக்காரன், சூரியநெல்லிக்காரன், நான், என் வீட்டுக்காரி எல்லாம் இன்னொரு பக்கம். நான் மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வருஷத்துக்கு ஒரு கிளாஸாக வளர்ந்து வந்து, ஒன்பதாம் கிளாஸில் நின்றுவிட்டது. பத்தாம் கிளாஸுக்கு அனுமதி இன்னும் வரவில்லை. அதனால்தான் இந்தச் சோதனையே. இதில் தேறுகிற பிள்ளைகளைப் பாலக்காட்டில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துப் பத்தாம் கிளாஸ் படிக்க வைப்பார்களாம். தேறாதவர்களுக்கு? சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். வேலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

ஹெட்மாஸ்டர் அம்பாசமுத்திரத்து மனிதர். வந்ததும் வராததுமாக என்னைத் தனியாக அழைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கண்ணால் காட்டினார். இரட்டைப் பின்னல், ஆண்பிள்ளை ஸ்வெட்டர். பெயர் பேச்சியம்மாள்.

"என் ஸர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு பிள்ளையப் பாத்ததில்ல சார். பழைய இங்கிலீஷ் பேப்பர்ல பொட்டலம் கட்டி வந்தாக்கூட, பிரிச்சு வாசிச்சிட்டுத்தான் கீழ போடும். இதுல தேறலேன்னா அடுத்த மாசம் அவ அம்மாகூட கொழுந்தெடுக்கப் போயிருவா. சூப்பர்வைசர்கிட்ட பேரு சொல்லியாச்சு."

தேர்வு ஆரம்பித்தது. நிபுணர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். சைக்ளோஸ்டைல் மை வாசனையோடு தாள்கள் கைமாறின. நானும் ஒன்றை எடுத்துப் படித்தேன். பாதிக் கேள்விகள் சொல்லுக்குப் பொருள் எழுதுவது. மீதிப் பாதி ஒரே ஒரு கதையைப் பற்றி. அதற்குத்தான் மார்க் அதிகம். நிபுணரின் பாஷையில் சொன்னால், 'உண்மையான புரிதல்' அதில்தான் இருக்கிறது.

கதை இதுதான். மிஸ்டர் கிரீன் என்று ஒருவர். ஒரு சாயங்காலம், நல்ல மழை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால், முன்பின் தெரியாத ஓர் ஆள், வழி தவறி நனைந்துபோய் நிற்கிறான். மிஸ்டர் கிரீன், "ஒரு கப் டீ சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறார். அவன், "வேண்டாம், நன்றி" என்கிறான். மிஸ்டர் கிரீன் அவனுக்கு வழி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். அவன் மழையில் நடந்து போகிறான். முடிந்தது.

கேள்விகள்: வந்தவன் டீ விரும்பினானா? எப்படித் தெரியும்? மிஸ்டர் கிரீன் எப்படிப்பட்டவர்?

உங்களுக்கு இதில் ஏதாவது சிக்கல் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக் கெட்டுப்போனவன் நான். ஆனால் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் வாய்க்குள் 'ச்சே' என்றான். நிபுணர் மேஜையைத் தட்டினார்.

மத்தியானம் ஹெட்மாஸ்டர் வீட்டில் சாப்பாடு. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

"வாங்க சார், கை கழுவுங்க" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ஐயோ, எனக்கு ஒண்ணும் வேண்டாம். பசியே இல்ல" என்றார் நிபுணர்.

"பசியில்லாம எப்படி சார் இருக்கும்? விடியக்காலம் கெளம்புன ஆளுங்க."

"இல்ல இல்ல, சத்தியமா வேண்டாம். ஒரு வாழைப்பழம் போதும்."

உள்ளேயிருந்து ஹெட்மாஸ்டரின் மனைவி வந்தார். "அதெல்லாம் நான் கேக்க மாட்டேன். இலை போட்டாச்சு. ஒக்காருங்க" என்றார்.

நிபுணர் உட்கார்ந்தார். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், நடுவில் இரண்டு முறை அவியல். ஒவ்வொரு முறையும் கையை இலைக்குக் குறுக்கே நீட்டி, "போதும் போதும்" என்றார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாள் கையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பரிமாறினார். விரல்களுக்கு நடுவே வேண்டிய அளவு வழி விட்டுத்தான் கையை நீட்டியிருந்தார் மனிதர். அதுவும் ஒரு நிபுணத்துவம்தான். கடைசியில் அந்த வாழைப்பழத்தையும் விடவில்லை.

நானும் அப்படித்தான் சாப்பிட்டேன். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சாப்பிடச் சொன்னதும் சரி என்று போய் உட்காருகிறவனை நம் பக்கத்தில் என்னவென்று சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சாப்பாடு முடிந்து ஆபீஸ் ரூமில் திருத்த உட்கார்ந்தோம். முதல் தாளை எடுத்தார். 'வந்தவன் டீ விரும்பினானா?' — 'ஆம், மிகவும் விரும்பினான்.' சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த தாள். 'ஆம்.' பெருக்கல் குறி. அடுத்தது, அதற்கடுத்தது... இரண்டே இரண்டு தவிர எல்லாவற்றிலும் ஆம். மிஸ்டர் கிரீன் எப்படிப்பட்டவர்? 'அன்பானவர், உதவும் குணம் உள்ளவர்' என்பது நிபுணரின் விடை. பிள்ளைகளின் விடை: கெட்டவர். கஞ்சர். ஒரு பையன், 'அவர் வீட்டில் மனைவி இல்லை' என்று எழுதியிருந்தான். நான் சிரித்துவிட்டேன்.

"காப்பி அடிச்சிருக்காங்க" என்றார் நிபுணர்.

"இல்லீங்க சார். வாக்கியம் ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி இருக்குது பாருங்க."

பேச்சியம்மாளின் தாள் வந்தது. முதல் பாதியில் ஒரு தப்புகூட இல்லை. கதைக்கு வந்தேன். அவள் எழுதியிருந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வந்தவன் டீ விரும்பினான். அவன் நனைந்திருந்தான். முதல் தடவை கேட்டதால் வேண்டாம் என்று சொன்னான். மிஸ்டர் கிரீன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அதனால் அவன் வருத்தத்தோடு போய்விட்டான்.'

படித்ததும் அவர் கையிலிருந்த சிவப்புப் பென்சிலை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இந்தப் பொண்ணு கதைய நல்லாப் படிச்சுத்தான் எழுதியிருக்குதுங்க. எதுனாலன்னுகூட சொல்லியிருக்குது."

"கதையில 'நோ, தாங்க்யூ'ன்னு தெளிவா இருக்கு. நோன்னா நோ. இல்லாததை எல்லாம் உள்ள கொண்டு வந்து நுழைக்கக் கூடாது. அதுக்குப் பேருதான் காம்ப்ரிஹென்ஷன்."

"ஏனுங்க, மத்தியானம் நீங்ககூட வேண்டாம்னு சொன்னீங்களே?"

நிபுணர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"அது சாப்பாடு சார். இது இங்கிலீஷ்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒன்று கேட்டு வைப்போமே என்று கேட்டேன்: "இந்தக் கேள்விக்குச் சீனப் பசங்க என்னதானுங்க எழுதினாங்க?"

"அவங்களும் இதே தப்புதான்" என்றார், பென்சிலை என்னிடமிருந்து வாங்கிச் சீவிக்கொண்டே. "விரும்பினான், கூச்சத்துல வேண்டாம்னு சொன்னான்னு எழுதியிருந்தாங்க. ஏறக்குறைய எல்லாருமே. பொதுவான பிழைன்னு ரிப்போர்ட்லயே இருக்கு."

கவனித்தீர்களா? மலையில் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கடலுக்கு அப்பால், இந்தப் பிள்ளைகளைப் பார்த்தேயிராத சீனப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். மழையில் நனைந்து வருகிறவனை ஒரு தடவை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தக் கூடாது என்கிறார்கள். நிபுணர் அதற்கு வைத்த பெயர் — பொதுவான பிழை. மிஸ்டர் கிரீன் ஒருவர் மட்டும் சரி. அவரை எழுதியவரும் சரி. மீதி உலகம் முழுக்க மறுபடியும் படித்துவிட்டு வர வேண்டும்.

சீனர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பாசம் கொஞ்சநஞ்சமல்ல.

தேறியவர்கள் இரண்டே பேர். தோட்டத்து ஆபீஸில் வேலை பார்ப்பவர்களின் பையன்கள். துரை பங்களா வழக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பேச்சியம்மாள் மயிரிழையில் தவறியிருந்தாள். அவளுக்கு மட்டும் விதியில் ஒரு சந்து இருந்தது. இப்படி விளிம்பில் நிற்கிற மாணவருக்கு, பெற்றோர் விரும்பினால், வாய்மொழியாக இன்னொரு சோதனை வைக்கலாம். நிபுணர் விதியை மதிப்பவர். பெண்ணின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்பா வரும்வரை நான் வராந்தாவில் நின்றேன். பேச்சியம்மாள் பக்கத்தில் வந்தாள். அழவில்லை. சண்டைக்கு வந்தவள் போலத்தான் இருந்தாள்.

"சார், நான் எழுதுனதுல எது தப்பு?"

"வந்தவனுக்கு டீ வேண்டாமாம், கண்ணு. அதுதான் சரியான விடையாம்."

"அவரு நனைஞ்சு வந்திருக்காருல்லா சார்?"

"நனைஞ்சுதான் வந்திருக்கறாரு. ஆனா இங்கிலீஷ்காரங்க வழக்கம் வேற. அங்க ஒரு தடவைதான் கேப்பாங்க. வேணும்னா அப்பவே வேணும்னு சொல்லிறோணும். வேண்டாம்னு சொல்லீட்டா நெசமாவே வேண்டாம்னு எடுத்துக்குவாங்க."



"அப்ப அங்க யாருக்கும் யாரையும் தெரியாதா சார்?" என்றாள்.

அதற்குள் அவள் அப்பா வந்துவிட்டார். சுடலைமுத்து. ஃபாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. பாதி வேலையில் ஓடி வந்திருந்தார்; சட்டையெல்லாம் தேயிலைத் தூசி. தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

"கும்புடுதேன் ஐயா."

நிபுணர் வாசலுக்கு வந்தார். "உங்க பொண்ணு ஃபெயில். கொஞ்சத்துலதான் போச்சு. நீங்க விரும்பினா இன்னொரு டெஸ்ட் வெச்சுப் பார்க்கலாம். வேணுமா?" என்று கேட்டார்.

சுடலைமுத்துவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது கண்ணிலேயே தெரிந்தது. அவர் சொன்னது இது:

"வேண்டாம்யா. ஒங்களுக்கு எதுக்கு செரமம்? இருட்டுறதுக்குள்ள மலை எறங்கணும். இவ்வளவு தூரம் வந்து பிள்ளைகளப் பாத்ததே பெருசு."

இதைவிட அழகாக ஒரு மனிதன், 'தயவுசெய்து வையுங்கள்' என்று சொல்ல முடியுமா? தமிழ் தெரிந்த எவனுக்கும் இது புரியும். நிபுணருக்கும் தமிழ் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் நிபுணராக இருந்தார்.

"சரி" என்றார். உள்ளே போய்ப் பையை மூடினார். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா? அவங்களுக்கே ஆர்வம் இல்ல" என்றார்.

சுடலைமுத்து அப்படியே நின்றார். இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "சார், ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு வேணும் சார்."

பேச்சியம்மாள்தான். குரல் தெளிவாகக் கேட்டது. ஹெட்மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏய், சும்மா இரு" என்றார் அப்பா.

"எனக்கு டெஸ்ட் வேணும் சார்" என்றாள் மறுபடியும். இந்த முறை இங்கிலீஷில். நேராக நிபுணரைப் பார்த்து.

நிபுணர் மகிழ்ந்துபோனார். அதையும் சொல்ல வேண்டும் — மனிதர் கெட்டவர் இல்லை. மறுபடி பையைத் திறந்து வேறொரு கதையை எடுத்தார். ரயிலில் ஒரு வயதான அம்மாள் நிற்கிறாள். ஒரு வாலிபன் எழுந்து, உட்காருகிறீர்களா என்று கேட்கிறான். வேண்டாம், நன்றி என்கிறாள். அவன் திரும்ப உட்கார்ந்துகொள்கிறான். பேச்சியம்மாள் வாய்விட்டுப் படித்தாள். ஒரு தடங்கல் இல்லை.

"அந்த லேடி ஸீட்டை விரும்பினாளா?" என்று கேட்டார் நிபுணர்.

"இல்லை சார். அவள் விரும்பவில்லை. அவளே சொல்லிவிட்டாள்."

"அந்த வாலிபன் எப்படிப்பட்டவன்?"

"அன்பானவன். உதவும் குணம் உள்ளவன்."

"எக்ஸலண்ட்" என்றார் நிபுணர். முழு மார்க் போட்டார். எங்கள் இருவரின் கையெழுத்தும் விழுந்தது. காலையில் இல்லாத புரிதல் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது என்று தன் ரிப்போர்ட்டில் எழுதப்போவதாகச் சொன்னார். அந்தப் பெண் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பாவம் சார் அந்தப் பாட்டி. கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போயிருப்பா" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கஷ்டமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மலைக் குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

ஜீப் கிளம்பும்போது சுடலைமுத்து ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் பக்கத்து ஜன்னலில் கையை வைத்து, மூச்சு வாங்கியபடி மன்னிப்புக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்கிடாதீங்க ஐயா. கேட்ட ஒடனே வேணும்னு சொல்லுத மாதிரி நாங்க வளக்கல. வீட்ல போயி கண்டிக்கேன்."

"கண்டிக்க வேண்டாமுங்க அண்ணாச்சி" என்றேன். "அது நல்லாப் படிக்கட்டும்."

அவர் நம்பவில்லை. இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

வருகிற ஜூனில் பேச்சியம்மாள் பாலக்காட்டு ஹாஸ்டலுக்குப் போகிறாள். நேற்று அந்தப் பக்கமாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்து, வார்டன் அம்மாளிடம் சாப்பாடு எப்படி என்று விசாரித்தேன். சாப்பாடு பரவாயில்லையாம். ஆனால் சாப்பாட்டு மணி ஒரு தடவைதான் அடிப்பார்களாம்.

அவள் பட்டினி கிடக்க மாட்டாள்.